ஒடுக்கு எடுத்த சைலன்சர்

புதிதாகப் பூசிய சில்வர் பெயின்ட் முதல் சூட்டில் புகையும்போது ஒரு வாடை வரும். மூக்கில் நிற்காது, நேராக நெற்றிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் யாராவது பழைய பைக்கின் சைலன்சரைச் சரிசெய்து கொண்டுவந்து வாசலில் ஓடவிட்டால், நான் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். கற்பூரமும் சாம்பிராணியும் நாள் முழுக்கப் புகைகிற ஊரில் பிறந்துவிட்டு இந்தப் புகைக்கு இப்படி ஓடுகிறாயே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் கேலி செய்வது அவர் சுபாவம், நானும் திட்டுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தெருவில் வீடுகள் குறைவு, மயில்கள் அதிகம். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்தில் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குவார்கள். வாடகைக்கு எடுத்த வண்டிகளில் கியர் போடத் தெரியாமல் உறுமிக்கொண்டு போவார்கள். அப்பா வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, வாங்கும்போதே பழையது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே ஓரமாக நிறுத்தியிருந்த அந்த வண்டியை ஒரு வேன் பின்னால் வந்து இடித்துவிட்டதாம். சைலன்சரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. குடத்தில் விழுந்தாலும் வண்டியில் விழுந்தாலும் எங்கள் பக்கம் அதற்கு ‘ஒடுக்கு’ என்றுதான் பெயர். ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு என்று அப்பா அதை அப்படியே விட்டுவிட்டார்.

பள்ளம் வெளியே தெரிந்தது. உள்ளே ஒரு தகடும் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதனால் அப்பாவின் வண்டிக்கு ஊரில் வேறெந்த வண்டிக்கும் இல்லாத ஒரு சத்தம் இருந்தது. ‘டுகுடுகு’ என்று ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். தெருவுக்குள் திரும்புவதற்காக வேகம் குறைந்ததும் நடுநடுவே ‘ணங்’ என்று தகரத்தைத் தட்டினாற்போல ஒன்று கேட்கும். எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது. என் சிநேகிதிகளுக்குக் கேட்டுவிடப்போகிறதே என்று பள்ளிக்கூடத்துக்கு முந்தின சந்திலேயே இறங்கிக்கொள்வேன்.

என் அண்ணன் குமாருக்கோ அந்தச் சத்தம்தான் அப்பா. அவன் என்னைவிடப் பெரியவன், ஆனால் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனிடம் இருந்த வார்த்தைகள் கொஞ்சம்தான், இருந்ததைச் சரியான இடத்தில் சொல்வான். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான். பேசுகிறவரின் கையையோ, தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரையோ பார்த்துக்கொண்டிருப்பான். மனிதர்களை அவன் காதால்தான் பிரித்துவைத்திருந்தான். பால்காரரின் மணி, எதிர்வீட்டு டீச்சரின் செருப்பு, மாமாவின் தொண்டைச் செருமல் என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. அந்தச் சத்தத்தோடு வந்தால்தான் அவர் அவர். ஒருமுறை டீச்சர் வெறுங்காலோடு வந்துவிட்டார் என்பதற்காக அவன் கேட்டைத் திறக்கவே மறுத்துவிட்டான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சாயங்காலமானால் குமார் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவான். அப்பாவின் வண்டி பெரிய சாலையில் வரும்போதே, எங்கள் காதுக்கு எதுவும் எட்டாதபோதே, “அப்பா” என்பான். அம்மா அதைக் கேட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். வண்டி திரும்பி ‘ணங்’ என்றதும் எழுந்து கேட்டைத் திறப்பான். அப்பா அவனை முன்னால் உட்காரவைத்து, கேட்டிலிருந்து கிணற்றடிவரை ஓட்டிக்கொண்டு போவார். அதன் பிறகுதான் அவன் ராத்திரிச் சாப்பாடு. அதுவும் அப்பா கையால் பிசைந்து உருட்டிக் கொடுத்தால்தான் வாங்குவான். அம்மா கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். பகலில் அம்மாவிடம் சாப்பிடுகிறவன்தான், ராத்திரிக்கு மட்டும் அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தான்.

இதெல்லாம் கெட்டுப்போனது ஓர் ஆயுத பூஜையால். எங்கள் ஊரில் ஆயுத பூஜை வந்தால் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு மாப்பிள்ளை போல நிறுத்துவார்கள். ஒவ்வொரு வருஷமும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் புது வண்டியில் வந்து இறங்கி, அப்பாவின் வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, எல்லாரும் பூஜை முடிந்துதான் பூசணிக்காய் உடைப்பார்கள், அத்தான் வண்டியை முன்கூட்டியே உடைத்துவைத்திருக்கிறார் என்பார். அந்த வருஷம் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பண்டிகைக்காவது அந்த ஒடுக்கை எடுத்துவிட்டு வாருங்கள் என்று அப்பாவை விரட்டிக்கொண்டே இருந்தாள். பூஜைக்கு முந்தின நாள், பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போன வழியில், என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா செங்கம் சாலையில் ஒடுக்கு எடுக்கிற பாயின் டிங்கர் கடையில் வண்டியை நிறுத்தினார்.

பாய் வேலை செய்ததை நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். சைலன்சரைக் கழற்றி, பள்ளத்தின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை வெல்டு வைத்து ஒட்டினார். சுற்றிலும் கேஸ் நெருப்பால் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, கம்பியைப் பிடித்து இழுத்தார். பள்ளம் கொஞ்சம் மேலே வந்தது. மறுபடி காய்ச்சி மறுபடி இழுத்தார். கடைசியில் கம்பியை அறுத்துவிட்டு, தடம் தெரியாமல் அரத்தால் ராவினார். நல்ல நாளில் வந்திருக்கிறீர்கள் என்று, யாரும் கேட்காமலே பின்பக்க மூடியை வெட்டி எடுத்து, உள்ளே ஆடிக்கொண்டிருந்த தகட்டையும் இறுக்கி வெல்டு வைத்துவிட்டு, பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்தார். இனிமேல் வண்டி வருவதே தெரியாது என்றார். அப்பா நன்றி சொன்னார். பெயின்ட் காய்கிறவரை எஞ்சினைப் போட வேண்டாம் என்று பாய் சொன்னதால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். குமார் மதியத் தூக்கத்தில் இருந்தான், நாங்கள் போனதும் வந்ததும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் வண்டிக்கு ஓய்வு. பூஜை முடிந்த அடுத்த நாள் காலையில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அப்பா வண்டியைக் கிளப்பினார். சில்வர் பெயின்ட் புகைந்தது. வண்டி மெதுவாக, பட்டுப்போல ஒரே சீராக ஓடியது. மாமாவே பலே என்றார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. குமார் படிக்கட்டில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருடைய வண்டியோ என்று நினைத்திருக்கிறான். அது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து அப்பா வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம் குமார் “அப்பா” என்று சொல்லவில்லை. வண்டி கேட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அப்பா தானே இறங்கிக் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். குமார் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டு, மறுபடியும் சாலைப்பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டால் “அப்பா வரல” என்றான். இதோ வந்துட்டேனே என்று அப்பா அவனுக்கு முன்னால் போய்க் குனிந்தார். அவன் அவருடைய கையைப் பார்த்தான், நகர்ந்து உட்கார்ந்து சாலையையே கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் சிரித்தோம், டீச்சரின் செருப்பைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்தோம். அன்றைக்கு அவன் சாப்பிடாமலே கேட்டில் சாய்ந்து தூங்கிப்போனான். அப்பாதான் தூக்கிவந்து படுக்கவைத்தார்.

அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். பெரிய சாலையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். அவன் அதையும் ஏற்கவில்லை. வண்டியே இல்லாமல் பஸ்ஸில் வந்து பார்த்தார். அம்மா ஊட்டப்போனால் தட்டைத் தள்ளிவிட்டான். ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் அவன் கன்னம் ஒட்ட ஆரம்பித்தது. பிறகு பகலிலும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினோம், சத்து டானிக் எழுதிக்கொடுத்து, பழகிக்கொள்வான், பொறுமையாக இருங்கள் என்றார்கள். தர்காவில் மந்திரித்தோம், கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து பூசினோம். மாமா தன் கேலிதான் இவ்வளவுக்கும் காரணம் என்று எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அம்மா சமையலறையில் அடுப்பைப் பார்த்து, நான் சும்மா இருந்திருக்கலாம், சும்மா இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு சாயங்காலம் அப்பா பொறுமை இழந்துவிட்டார். குமாரின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “என்னப் பாருடா. நான்தான்டா அப்பா” என்று கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். குமார் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். அப்பா கையை எடுத்துவிட்டார். பெரியவர்கள் எதையாவது செய்து எல்லாவற்றையும் சரியாக்கிவிடுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அப்பா அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குமாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளியபடியே பாய் கடைக்குப் போனார். என்ன விஷயம் என்று பாய் கேட்டார். ஒடுக்கைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும் என்றார் அப்பா. பாய் சிரித்துவிட்டார்.

“எடுக்கச் சொல்லித்தான் சார் ஜனம் வரும். போடச் சொல்லி யாரும் வந்ததில்ல.”

“பழையபடி பண்ணிக் குடுங்க பாய்,” என்றார் அப்பா. “எம் புள்ளைக்கு நான் யாருன்னு தெரியல.”

பாயின் சிரிப்பு நின்றுபோனது. குமாரைப் பார்த்தார், ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, “குந்துங்க சார்” என்றார். அன்றைக்குக் கையில் இருந்த மற்ற வேலையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டார்.

பள்ளம் எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. அங்கே காய்ச்சி மரச் சுத்தியலால் அடித்தார். மாட்டி, எஞ்சினைப் போட்டார். சத்தம் கொஞ்சம் கெட்டுப்போனது, ஆனால் பழைய சத்தமாக இல்லை. அப்பா குமாரிடம், அப்பா வண்டி எப்படிடா வரும் என்று கேட்டார். குமார் உடனே வாயால் ஓட்டிக்காட்டினான். ‘டுகுடுகு’ என்று ஆரம்பித்து, திரும்புகிற இடத்தில் ஓர் இழுப்பு இழுத்து, ‘ணங்’ என்றான். அசல் அதே சத்தம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாய் அவனை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உள்தகட்டின் வெல்டை உடைத்து மறுபடி தளர்த்தினார். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி அடித்தார், ஓட்டிப் பார்த்தார். குமார் தலையை ஆட்டிவிட்டு, தெரியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருவது போல, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிக்காட்டினான். அவன் ஓட்டுவதும் பாய் அடிப்பதுமாகப் பொழுது சாய்ந்தது. நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மானக்கேடாக இருந்த அதே சத்தம் வந்துவிட வேண்டும், வந்துவிட்டால் பள்ளிக்கூட வாசல்வரை அதில் போய் இறங்குகிறேன் என்றுகூட வேண்டினேன். வரவில்லை.

கடைசியில் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“தம்பி சொல்ற சத்தம் காதுல நிக்குது சார். கைக்குத்தான் வரல. இதுக்கு மேல அடிச்சா ஓட்டை விழுந்துடும்.”

கையைத் துடைத்துக்கொண்டே, நான் அந்தத் தகட்டைத் தொடாமல் விட்டிருக்கலாம் என்று தனக்குத்தானே சொன்னார். அப்பா அவர் தோளில் கை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பழைய இரும்புக் கடைகளில் தேடி, இடிபட்ட சைலன்சர் ஒன்றையும் பிறகு வாங்கி மாட்டிப் பார்த்தார். அது வேறு யாரோ வருகிற சத்தமாக இருந்தது. ஒரு வேன் தெரியாமல் ஒரு நொடியில் செய்துவிட்டுப் போனதை, தெரிந்தே இத்தனை பேர் சேர்ந்தும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மழைச் சாயங்காலம். அப்பா நனைந்துகொண்டே வந்து கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். குமார் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தான். அதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்பா வீட்டில் இல்லாதபோது யாராவது தேடிவந்தால் சொல்வதற்காக அம்மா அவனுக்கு ஒரு வாக்கியம் பழக்கிவைத்திருந்தாள். அதை அவன் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்பாவிடம் சொன்னான்.

“உக்காருங்க சார். அப்பா வந்துடுவாரு.”

அப்பா மழையிலேயே நின்றார். அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா, “சரிங்க” என்றார். வருகிறவர்களுக்காக வராந்தாவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய், தன் வீட்டில் ஓர் அந்நியரைப் போல நுனியில் உட்கார்ந்தார். அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா சோற்றைப் பிசைந்தார்.

“நீங்க சாப்டீங்களா?”

“அப்பா வரட்டும்,” என்றான் குமார்.

“அவரு வர்ற வரைக்கும் எங்கூடக் கொஞ்சம் சாப்புடுங்களேன்.”

குமார் யோசித்தான். மழைக்குள் சாலைப்பக்கம் ஒருமுறை கேட்டான். பிறகு உள்ளங்கையை நீட்டினான். அப்பா உருட்டி வைக்க வைக்க வாங்கித் தின்றான், பசியில் வேகவேகமாகத் தின்றான். அம்மா உள்ளே ஓடிப்போய், சத்தம் வெளியே வராமலிருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது மகன் சாப்பிட்டான் என்பதற்கா, புருஷனின் நிலைமைக்கா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அப்பா தன் மகனை ‘வாங்க’, ‘போங்க’ என்றுதான் பேசினார். அண்ணன் முன்னால் நாங்களும் அப்பாவை ‘சார்’ என்றோம். காலையில் எழுந்ததும் சார் வீட்டிலேயே இருப்பது அவனுக்கு வினோதமாகப் படவில்லை. எங்கள் தெருவில் மாதக்கணக்கில் வந்து தங்குகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொண்டான். சார் குளிப்பாட்டினால் குளித்தான், சார் மடித்துக்கட்டிவிட்டால் வேட்டி கட்டிக்கொண்டான். சாயங்காலம் மட்டும் கேட்டருகே உட்கார்ந்து அப்பாவுக்குக் காத்திருந்தான். பல நாள் சாரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அவனோடு காத்திருப்பார். யாராவது தெரியாமல் அப்பாவிடம், பாவம் சார் உங்கள் பையன் என்று ஆரம்பித்தால், அவருக்கு ஒரு குறையும் இல்லை, என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பார். அப்பாவுக்கு அப்படியொரு கேலிப்பேச்சு வரும் என்பதே எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டியை அப்பா பிறகு விற்றுவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பல வருஷம் சாராகவே இருந்து, சில வருஷங்களுக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். இன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவையும் அண்ணனையும் வைத்துக்கொண்டு அதே வீட்டில்தான் இருக்கிறோம். பாய் கடை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு காபி விற்கிறார்கள். சாலை அகலமாகிவிட்டது, மயில்கள் மலைப்பக்கம் ஒதுங்கிவிட்டன. தெருவில் பாதி வண்டி பேட்டரி வண்டி, வருவதும் தெரியாது போவதும் தெரியாது. தலை நரைத்த என் அண்ணன் அந்தச் சத்தமில்லாத தெருவைக் கேட்டுக்கொண்டு சாயங்காலமெல்லாம் கேட்டருகே உட்கார்ந்திருக்கிறான்.

அப்பாவை எடுத்த அன்று அவன் அழவில்லை. அவன் அப்பா வந்து சேரவே இல்லையே, போவதற்கு. வந்தவர்களை எல்லாம் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் சாயங்காலம் நான் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். அவன் என் கையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், வாயை இறுக்கி மூடிக்கொண்டு சாலைப்பக்கம் திரும்பினான்.

“சார் வரல,” என்றான்.

இந்த வீட்டில் தன் பிள்ளை தன்னைத் தேட மாட்டானா என்று ஒரு மனிதர் அத்தனை வருஷம் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். தேடிவிட்டான். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று என் கால் உள்ளே திரும்பியது. அப்பா படுக்கிற அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. நான் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.